தலைக்கு மேலே போகும் மின்சாரம்

நீலகிரியின் பைக்காராவில் 1932-ல் நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. அங்கே மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1937-ல். கோயம்புத்தூர் நூற்பாலைகளும் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து நகரங்களும் அந்த மின்சாரத்தால் மாறின. புதுக்கோட்டைச் சீமையின் கிராமங்களோ அதற்காக இன்னும் ஒரு தலைமுறை காத்திருந்தன.

இங்கே வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. வெள்ளாறும் அக்னியாறும் அம்புலியாறும் மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணல். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களை நம்பித்தான் ஊர்கள் எழுந்தன. 1934-ல் கல்லணைக் கால்வாய் வந்த பிறகு அறந்தாங்கிப் பக்கம் மும்பாலை ஏரி வரை காவிரி எட்டிப் பார்த்தது. மற்றதெல்லாம் மானம் பார்த்த பூமி. நீர்மின்சாரம் எடுக்க அருவி இல்லை, அனல் மின்சாரத்துக்கு நிலக்கரி இல்லை. தொண்டைமான் சமஸ்தானமாக இருந்து, 1948 மார்ச் 3-ல் இந்தியாவோடு இணைந்து, திருச்சி மாவட்டத்துக்குள் போய், 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டமான இந்த நிலத்துக்கு மின்சாரம் எப்போதும் வெளியூர் விருந்தாளிதான். எங்கோ பிறக்கும், கம்பி பிடித்து வரும். அதனால் புதுக்கோட்டையின் மின்சார வரலாற்றைக் கம்பியை வைத்துத்தான் எழுத வேண்டும்.

கம்பி வருவதற்கு முன்பு இரவில் வீட்டுக்குள் சிம்னி விளக்கு, வெளியே போக அரிக்கேன், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு எடுத்த பெட்ரோமாக்ஸ். மண்ணெண்ணெய் தீர்ந்தால் பிள்ளையின் படிப்பும் அன்றைக்குத் தீர்ந்தது. கிணற்றில் கவலை கட்டி, விடியுமுன் மாடு பூட்டி, சால் சாலாக இறைத்துப் பாய்ச்சினால் கொஞ்ச நிலம் நனையும். கொஞ்சம் வசதி வந்தவர்கள் ஆயில் என்ஜின் வாங்கினார்கள்.

1957 ஜூலை 1-ல் மின்சார வாரியம் உருவானது. அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் சென்னை மாநிலம் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோன வேகம் இந்தியாவிலேயே முன்னணியில் இருந்தது. அந்த வேகத்தின் பின்னால் கைவேலை இருந்தது. செம்புறாங்கல் பூமியில் ஒரு கம்பத்துக்குக் குழி தோண்டுவது என்றால் கடப்பாரை முனை மழுங்கிவிடும். பாதை இல்லாத ஊர்களுக்குக் கம்பத்தை மாட்டு வண்டியில் ஏற்றி, ஆட்கள் தோள் கொடுத்துக் கொண்டுபோனார்கள். கம்பி இழுக்கும்போது ஊரே கூடி நிற்கும். அப்போது வயலில் கம்பம் நட யாரும் மறுத்ததாகப் பெரியவர்கள் சொல்வதில்லை. கம்பம் நம் ஊருக்காக வருகிறது, கம்பியின் கடைசி முனையில் நம் வீடு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடாக நான் இதைத்தான் நினைக்கிறேன்.

மோட்டார் வந்ததும் விவசாயம் அடியோடு மாறியது. சிறு விவசாயிகளுக்கு 1984-ல் இலவச மின்சாரம், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும். இன்று தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேல். ஆலங்குடி வட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், நெடுவாசல் என்று நீளும் தென்னை, பலா, வாழை, மல்லிகைத் தோட்டங்கள் எல்லாம் ஆழ்குழாய்க் கிணறும் மின்மோட்டாரும் சேர்ந்து உண்டாக்கியவை. அதற்கு விலையும் கொடுத்திருக்கிறோம். நிலத்தடி நீர் பல நூறு அடிக்குக் கீழே போனது. மோட்டார் இருக்கிற தைரியத்தில் கண்மாய் வரத்துக் கால்களை மறந்தோம். கம்பி வந்ததால் கண்மாய் கெட்டது என்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றின் வரவில் மற்றொன்றைக் கைவிட்டது உண்மை.

கம்பி வந்துவிட்டது, சரி. அதில் என்ன வந்தது? கம்பியின் வால்முனையில் இருக்கிற ஊர்க்காரர்களைக் கேட்டால் ‘லோ வோல்டேஜ்’ என்பார்கள். மின்சாரம் தூரம் போகப் போகக் கம்பியிலேயே ஒரு பகுதி சூடாகிக் கரைந்துவிடும். மின்னோட்டம் இரு மடங்கானால் இந்த இழப்பு நான்கு மடங்காகும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் அதே அளவு மின்சாரத்தைக் குறைந்த மின்னோட்டத்தில் அனுப்பலாம், இழப்பு சரிந்துவிடும். அதனால்தான் தொலைதூரத்துக்கு 110, 230, 400, 765 கிலோவோல்ட் என்று உயர்த்தி அனுப்பி, துணை மின் நிலையத்தில் இறக்கி, டிரான்ஸ்பார்மரில் மறுபடி இறக்கி வீட்டுக்குத் தருகிறார்கள். துணை மின் நிலையம் தொலைவில் இருந்து, ஒரே ஃபீடரில் நூற்றுக்கணக்கான மோட்டார்கள் தொங்கினால், கடைசி மோட்டாருக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். காயில் புகைந்து போகும். வைண்டிங் கட்ட ஒரு செலவு, அதுவரை காயும் பயிர் இன்னொரு செலவு. மும்முனை மின்சாரம் பெரும்பாலும் இரவில் வந்த ஆண்டுகளில், டார்ச் விளக்கும் கம்புமாக வரப்பில் நடந்து மோட்டார் போடப் போனவர்களைப் பாம்பு தீண்டியது இந்த மாவட்டத்தில் அபூர்வச் செய்தி அல்ல.

பிறகு வந்தது 2008 முதல் 2013 வரையான மின்வெட்டுக் காலம். 2012-ல் மாநிலத்தின் பற்றாக்குறை 4,000 மெகாவாட் வரை போனது. சென்னைக்கு ஒரு கணக்கு, எங்களைப் போன்ற மாவட்டங்களுக்கு வேறு கணக்கு. ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. ஆடிக் காற்று அடித்தால் வெட்டுக் கொஞ்சம் குறையும், காற்று ஓய்ந்தால் கூடும். புதுக்கோட்டையில் ஒரு காற்றாடியும் பார்க்காத விவசாயிகூட ஆரல்வாய்மொழியில் காற்று எப்படி என்று விசாரிக்கக் கற்றுக்கொண்டார்.

அந்த ஆண்டுகளில் காற்றாலைக்காரர்கள் வேறொரு குறையைச் சொன்னார்கள். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் காற்று பேயாக அடிக்கும் நாட்களில், உற்பத்தியாகும் மின்சாரத்தை எடுத்துச் செல்ல லைன் போதவில்லை, நிறுத்தச் சொல்கிறார்கள் என்று. காற்றாலை நிறுவச் சில மாதங்கள் போதும். உயர் அழுத்தப் பாதை போட ஆண்டுக்கணக்கில் ஆகும். 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலை வேலை தனியார் முதலீட்டால் வேகமெடுத்தது; பாதை பின்தங்கியது. வடக்கேயிருந்து மின்சாரம் வாங்கலாம் என்றாலும் வழி குறுகல். தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே சீராக இணைந்தது 2013 டிசம்பர் 31-ல்தான், கர்நாடகத்தின் ராய்ச்சூரிலிருந்து மகாராஷ்டிரத்தின் சோலாப்பூருக்குப் போட்ட 765 கிலோவோல்ட் பாதையால். (அப்படி இணையாமல் இருந்ததில் ஒரு தற்காலிகப் பலனும் உண்டு: 2012 ஜூலையில் வட இந்தியா முழுவதும் இருண்டபோது தெற்கு தப்பியது.) ஓரிடத்தில் மின்சாரம் மிஞ்சுகிறது, வேறிடத்தில் இருட்டு, நடுவே இல்லாதது கம்பி மட்டும். அந்த ஐந்தாண்டுகளில் இந்தப் பாடத்தைக் கடுமையாகப் படித்தோம்.

அதன் பிறகு நடந்த வேலையைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகம் 2010-லேயே தனி நிறுவனமாகப் பிரிந்திருந்தது. காற்றும் வெயிலும் நிறைந்த மாநிலங்களுக்கென ‘பசுமை மின்பாதை’ திட்டம் வந்தது. தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களில் அதன் முதல் கட்டம் நடந்தது. செலவில் 40 விழுக்காடு மத்திய அரசின் மானியம், 20 விழுக்காடு மாநிலத்தின் பங்கு, 40 விழுக்காடு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடன். தப்பகுண்டு, கயத்தாறு என்று தெற்கே 400 கிலோவோல்ட் நிலையங்கள் எழுந்தன. கயத்தாறிலிருந்து காரைக்குடிக்கும், அங்கிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூருக்கும் 400 கிலோவோல்ட் இரட்டைச் சுற்றுப் பாதை போட்டார்கள். காரைக்குடிக்கும் புகளூருக்கும் நடுவே கிடப்பது புதுக்கோட்டையின் மேற்கு ஓரம். 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம், சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகளோடு, எட்டே மாதத்தில் எழுந்தது. அதன் மின்சாரம் வெளியேறவும் 400 கிலோவோல்ட் பாதையே வேண்டியிருந்தது.

மாநிலக் கணக்கு இன்று வேறு. காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். சூரிய மின்திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2024 மே 2-ல் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். 2012-ல் கனவிலும் நினைக்காத அளவு. அந்தத் தேவை வெட்டில்லாமல் நிறைவேறியதில் பாதைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பகலில் வெயில் மின்சாரம் மிகுதியாகக் கிடைப்பதால் மும்முனையைப் பகலிலேயே கூட்டித் தர வழி பிறந்திருக்கிறது. டார்ச் விளக்கோடு நடந்த விவசாயிக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களில் ஒன்றரை லட்சம் பேருக்கு 2021-லும் 2022-லும் அறிவித்த திட்டங்களில் விவசாய இணைப்பு கிடைத்தது. வெளியூர் விருந்தாளியாக இருந்த மின்சாரம் உள்ளூரிலும் விளையத் தொடங்கிவிட்டது. அனல் மின் நிலையங்களுக்குக் குழாய் செய்யும் திருமயம் பெல் ஆலையின் வளாகத்திலேயே சூரியத் தகடுகள் விரிந்திருக்கின்றன.

கம்பியின் அருமையை இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கஜா சொல்லிவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல் புதுக்கோட்டையைக் குறுக்கே உழுதுவிட்டுப் போனது. நான்கு மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னையும் பலாவும் கம்பி மேல் விழுந்து, எது மரம் எது கம்பம் என்று தெரியாத குவியல். போர் ஓட மின்சாரம் இல்லாததால் தொட்டிக்குத் தண்ணீர் இல்லை. வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார்கள், அதிலேயே காசு வாங்கிக் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும், கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் லைன்மேன்கள் வந்தார்கள். சேற்று வயலில் இடுப்பளவு தண்ணீரில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டார்கள். பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்தார்கள். எல்லாம் இழந்த வீடுகளிலிருந்து அவர்களுக்குச் சோறு போனது. உள்ளடங்கிய ஊர்களில் விளக்கு எரிய வாரக்கணக்கில் ஆனது. எரிந்த அன்று அந்த லைன்மேன்களுக்கு மாலை போட்டு அனுப்பிய ஊர்கள் உண்டு.

அதே மாவட்டத்தில், அதே மக்கள், ‘டவர் லைன் வருகிறது’ என்றால் முகம் இறுகுவது ஏன்?

400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகல நிலம் கம்பிக்குக் கீழே ஒதுங்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 11 ஏக்கர். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும். நெல்லோ கடலையோ போடலாம். தென்னை, பலா, தைலமரம் எதுவும் வளர்க்க முடியாது. வீடு கட்ட முடியாது. விற்கப் போனால் விலை பாதிகூடப் போகாது, வங்கி அடமானத்துக்குத் தயங்கும். போர் போட லாரி நிறுத்தவே யோசிக்க வேண்டும். மூன்று ஏக்கர் தென்னந்தோப்பின் நடுவே ஒரு டவர் நின்றால் அந்தக் குடும்பத்தின் முப்பது ஆண்டு வருமானம் கலைந்துவிடும்.

இதற்கெல்லாம் சட்ட அடிப்படை 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டம். தந்திக் கம்பம் நடுவதற்காக வெள்ளைக்கார அரசு எழுதிய அதிகாரத்தை 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் உயர் அழுத்தக் கோபுரத்துக்கும் நீட்டித்தது. நிலத்தைக் கையகப்படுத்தாமலே டவர் நடலாம். சேதத்துக்கு இழப்பீடு தந்தால் போதும். எதிர்ப்பு வந்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதியோடு தொடரலாம். நிலத்துக்கென்று இழப்பீடு தரச் சொல்லி மத்திய அரசு வழிகாட்டியது 2015 அக்டோபரில்தான்: டவர் அடிக்கு நில மதிப்பில் 85 விழுக்காடு, கம்பிக்குக் கீழே அதிகபட்சம் 15 விழுக்காடு. 2024 ஜூனில் அதை 200 விழுக்காடு, 30 விழுக்காடு என்று உயர்த்தினார்கள். நல்ல மாற்றம். ஆனால் நில மதிப்பு என்பது பெரும்பாலும் பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு. சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரியும்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்குச் சுமார் 1,800 கிலோமீட்டர் வருகிற 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 6,000 மெகாவாட் கொண்டுவரும்; தமிழ்நாட்டில் காற்று மிஞ்சும் மாதங்களில் வடக்கே திருப்பியும் அனுப்பும். நாட்டுக்கு அருமையான பாதை. அதே பாதையையும் அதோடு சேர்ந்த மற்றப் பாதைகளையும் எதிர்த்து 2018 டிசம்பரில் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். சாலையோரம் கேபிளாகப் புதையுங்கள் என்றார்கள். அது ஆகாது என்றது அரசுத் தரப்பு. புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் பாதையிலோ, கேரளத்துக்குள் சுமார் 30 கிலோமீட்டர் புதைகேபிளாகவே போகிறது. எல்லா இடத்திலும் புதைக்கச் செலவு தாங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முடியவே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டாம்.

நமக்குக் கடன் கொடுத்த ஜெர்மனியே இந்தப் பாடத்தைப் படித்தது. வடகடல் காற்று மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோகும் சுமார் 700 கிலோமீட்டர் ‘சூட்லிங்க்’ பாதையை ஊர்கள் எதிர்த்தன. 2015-ல் சட்டத்தை மாற்றிப் புதைகேபிளுக்கு முன்னுரிமை தந்தார்கள். வேலை பல ஆண்டுகள் தள்ளிப்போனது. அமெரிக்காவின் டெக்சாஸ் வேறு வழியில் போனது. காற்று வளமுள்ள மேற்குப் பகுதிகளை முன்கூட்டி அறிவித்து, காற்றாலைகள் முழுதாக எழும் முன்பே சுமார் 5,800 கிலோமீட்டர் பாதையை 2014 வாக்கில் முடித்துவிட்டது. நம் ராஜஸ்தானில் 2025-ல் பாதை முடியாததால் பகல் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வைக்க நேர்ந்தது. பன்னாட்டு ஆற்றல் முகமை 2023-ல் போட்ட கணக்குப்படி, 2040-க்குள் உலகம் 8 கோடி கிலோமீட்டர் மின்பாதையைப் புதிதாகப் போடவோ மாற்றவோ வேண்டும்.

ஆகவே பாதை வேண்டாம் என்று சொல்வதற்கு இல்லை. 2012-ன் இருட்டையும் கஜாவின் இருட்டையும் பார்த்த மாவட்டத்திலிருந்து எழுதுகிற நான் அப்படிச் சொல்லவே மாட்டேன். அன்று கம்பம் நடத் தோள் கொடுத்த அதே ஊர் இன்று தயங்குவதற்குக் காரணம், இந்தக் கம்பியின் முனையில் அதன் வீடு இல்லை என்பதுதான். தெற்கே விளையும் மின்சாரம் வடக்கே நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் போகிறது. நடுவே நிலம் தருபவருக்குக் கிடைப்பது ஒரு முறைக் காசோலை, ஆயுள் முழுக்கத் தடை. செல்போன் கோபுரத்துக்கு மாத வாடகை கிடைக்கும் நாட்டில் மின்கோபுரத்துக்கு மட்டும் அது ஏன் கூடாது? ஆண்டு வாடகையைச் சட்டமாக்க வேண்டும். பாதை கடக்கும் ஊராட்சியின் வால்முனை ஃபீடரைச் சீர்செய்வதையும் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும். தலைக்கு மேலே 400 கிலோவோல்ட் போகும்போது காலடியில் மோட்டார் புகைவதை எந்த விவசாயியும் பொறுக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் முதலில், வரைபடத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும். 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக ஊர்கள் திரண்டபோது முதலில் எழுந்த கேள்வி, எங்களை ஏன் கேட்கவில்லை என்பது. 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் அறந்தாங்கி, திருவரங்குளம், கறம்பக்குடி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்கள் வந்தது அந்தக் கேள்வியின் பலன். மின்பாதைகளை அந்தச் சட்டம் தடுப்பதில்லை, தடுக்கவும் கூடாது. ஆனால் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்று இந்த மண் ஒரு முறை காட்டிவிட்டது. புறம்போக்கும் தைலமரக் காடும் நிறைந்த மாவட்டம் இது. பாதையைக் கொஞ்சம் வளைத்தால் பல தோப்புகள் தப்பும். எந்த வரப்பில் வளைக்கலாம் என்று சொல்ல உள்ளூர்க்காரரைவிடத் தெரிந்தவர் கிடையாது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. புதிய பாதை வரப்போகும் ஊர்களில், அளவுக்கல் நடும் முன்பு வரும் கூட்டத்திலேயே அந்த வரைபடத்தை மக்கள் முன்னால் விரித்து வையுங்கள்.